முதல் பாடத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோங்கள்: கடலூர் மாவட்ட வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த ஆசிரியர்களே,

வணக்கம். கடலூர் மாவட்டத்துப் பள்ளிகளில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கும் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் ஆசிரியர் இல்லை. நிலக்கரி கழுவும் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மஞ்சக்குப்பத்தில் குடியிருப்பவன். உங்களிடம் கேட்க ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. அதைக் கேட்பதற்கு முன் போன வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். விடியற்காலையில் மாடிப்படியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நுரை மிதப்பு முறையை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். தாதுவைத் தூளாக்க வேண்டும், தண்ணீர் சேர்க்க வேண்டும், பைன் எண்ணெய் சேர்க்க வேண்டும், காற்றைச் செலுத்த வேண்டும். ஒரு சொல் பிசகவில்லை. "பைன் எண்ணெய் எப்படிம்மா மணக்கும்?" என்று கேட்டேன். "தெரியாது தாத்தா, புக்குல போடல" என்றாள். அதே நேரம் உள்ளே அவள் அம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளை ஃபினாயில் வாசனை படிக்கட்டு வரைக்கும் வந்தது. "அந்த வாசனைதான்" என்றேன். நாம் வாங்கும் வெள்ளை ஃபினாயில் பெரும்பாலும் பைன் எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கிச் செய்வதுதான். அவள் எழுந்து உள்ளே போய், பாட்டிலின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு வந்தாள். "இதுவா தாத்தா அது?" என்று கேட்டபோது அவள் முகம் எப்படி மாறியது என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த முகத்தை உங்கள் வகுப்பில் நாற்பது பிள்ளைகளிடமும் நீங்கள் பார்க்க முடியும். அதற்காகத்தான் இந்த மடல்.

பிளஸ் டூ வேதியியலின் முதல் பாடம் உலோகவியல். தாதுவையும் மண்ணையும் பிரிக்கும் வழிகள்தான் அதில் முதலில் வருகின்றன. புவியீர்ப்பு முறை, நுரை மிதப்பு முறை, வேதிக் கழுவுதல், காந்தப் பிரிப்பு. வருடத் தொடக்கத்தில் வேகமாக ஓட்டி முடித்துவிடுகிற பாடம், ஆய்வகத்தில் செய்முறை கிடையாது, எழுதிப் பார்த்தால் மதிப்பெண் வந்துவிடும். உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஜூனில் சேர்க்கை வேலை, அப்புறம் தேர்வு, அப்புறம் பயிற்சி. ஆனாலும் இந்தப் பாடத்தை மட்டும் மனப்பாடத்துக்கு விட்டுவிடாதீர்கள். ஏனென்றால் இதில் வருகிற முறைகளில் பலவற்றை நம் வீட்டுப் பெண்களும் விவசாயிகளும் தினசரி செய்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் இதை ஏதோ வெளிநாட்டுச் சங்கதி மாதிரி ஒப்பிக்கிறார்கள்.

நானும் அப்படி ஒப்பித்தவன்தான். 1979இல் தன்பாத் பக்கத்தில் இருந்த ஒரு வாஷரியில் மாதிரி எடுக்கும் உதவியாளனாகச் சேர்ந்தேன். அப்போது அது பீகார், இப்போது ஜார்க்கண்ட். நிலக்கரியைக் கழுவும் ஆலையைத்தான் அங்கே எல்லாரும் வாஷரி என்பார்கள். முதல் நாள் ஆய்வகத்தில் இருந்த வங்காளப் பெரியவர் என்ன படித்தாய் என்று கேட்டார். தாதுக்களை அடர்ப்பிக்கும் முறைகளைக் கடகடவென்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் இரண்டு கறுப்புக் கட்டிகளை மேசைமேல் வைத்தார். "இதில் எது கரி, எது கல்?" இரண்டும் ஒரே கறுப்பு. ஒரே அளவு. எனக்குத் தெரியவில்லை. பதினைந்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், முழி பிதுங்கியதுதான் மிச்சம். கடைசியில் அவரே என் இரண்டு கையிலும் கைக்கொன்றாக வைத்தார். ஒன்று தக்கை மாதிரி இருந்தது, மற்றது கையை இழுத்தது. "கண்ணை நம்பாதே, கையை நம்பு" என்றார் இந்தியில். கனமாக இருந்தது கரி படிந்த களிப்பாறை. தண்ணீர் 1 என்றால் நல்ல கரியின் அடர்த்தி சுமார் 1.3, அந்தப் பாறை 2க்கு மேல். பள்ளியில் எனக்கு யாரும் ஒரு கட்டியையும் கையில் கொடுத்ததில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அங்கே என் தினசரி வேலை மிதவைச் சோதனை. வரிசையாக வாளிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் துத்தநாகக் குளோரைடு கரைசல், ஒவ்வொரு வாளியிலும் ஒவ்வோர் அடர்த்தி. 1.3இல் தொடங்கி 1.4, 1.5 என்று 1.8 வரைக்கும். நொறுக்கிய கரியைக் கம்பிக் கூடையில் போட்டு முதல் வாளியில் இறக்குவோம். மிதப்பதை அள்ளித் தனியாக வைப்போம். மூழ்கியது அடுத்த வாளிக்குப் போகும். அங்கே மிதப்பது தனி, மூழ்குவது அதற்கடுத்த வாளிக்கு. இப்படியே கடைசி வரைக்கும். பிறகு ஒவ்வொரு குவியலையும் கழுவி, உலர்த்தி, எடை போட்டு, தூளாக்கி, சரியாக 1 கிராம் எடுத்து 815 டிகிரி உலையில் வைத்து எரிப்போம். கிண்ணத்தில் மிஞ்சுவதுதான் சாம்பல். முதல் வாளியில் மிதந்த கரியின் கிண்ணத்தில் ஒரு சிட்டிகைதான் இருக்கும். கடைசி வாளியில் மூழ்கியதை எரித்தால் போட்டதில் பெரும்பகுதி அப்படியே வெளிறிய மண்ணாக உட்கார்ந்திருக்கும். இந்தச் சாம்பல் கணக்கை வைத்துத்தான் எந்த அடர்த்தியில் பிரித்தால் எவ்வளவு நல்ல கரி கிடைக்கும் என்று ஆலைக்குச் சொல்வோம்.

ஆலையில் துத்தநாகக் குளோரைடு கட்டுப்படியாகாது. அங்கே காந்தக்கல் என்கிற மேக்னடைட்டை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலக்குவார்கள். குழம்பு மாதிரி இருக்கும். எவ்வளவு மாவு சேர்க்கிறோமோ அவ்வளவு அடர்த்தி ஏறும். அதில் கரி மிதக்கும், கல் மூழ்கும். பிறகு இரண்டிலும் ஒட்டியிருக்கிற மேக்னடைட்டைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காந்த உருளையில் பிடித்து, திரும்பவும் குழம்புக்கே அனுப்பிவிடுவார்கள்.

இதைப் படிக்கிற உங்களில் விவசாயக் குடும்பத்துக்காரர்கள் இருப்பீர்கள். இந்தக் குழம்பு உங்களுக்கு எதையாவது நினைவுபடுத்துகிறதா? விதைநெல் தேர்வு! வாளித் தண்ணீரில் ஒரு முட்டையைப் போடுவோம், அடியில் போய்ப் படுக்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்போம். முட்டை மெல்ல எழும்பி, அதன் தலை நாலணா அளவுக்கு வெளியே தெரிந்தால் பதம் சரி. முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டினால் பதரும் அரைவயிறு நெல்லும் மிதக்கும், நல்ல விதை மூழ்கும். குறிஞ்சிப்பாடியில் என் அப்பா இதைச் செய்து நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். அந்த முட்டைதான் அடர்த்திமானி, அந்த உப்புத் தண்ணீர்தான் கனமான ஊடகம். வாஷரியில் நல்லது மிதக்கிறது, வாளியில் நல்லது மூழ்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இதைத் தெரிந்துவைத்திருந்தும் அந்தப் பெரியவர் முன்னால் வாயடைத்து நின்றேன். வீட்டில் பார்த்ததையும் பள்ளியில் படித்ததையும் சேர்த்துவைக்க எனக்கு ஓர் ஆள் இல்லாமல் போய்விட்டது.

அம்மாவிடமும் ஒரு தாது ஆலை இருந்தது. அரிக்கன் சட்டி. இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள், கல் பொறுக்கிய அரிசி பையில் வந்துவிடுகிறதே. உள்பக்கம் வரி வரியாகக் கோடு கீறிய சட்டி அது. அரிசியைத் தண்ணீரோடு அதில் போட்டு ஒரு பக்கமாகச் சாய்த்து அலசி அலசி இன்னொரு பாத்திரத்துக்கு விடுவார்கள். அரிசி தண்ணீரோடு போய்விடும். கனமான கல் அந்த வரிகளில் சிக்கி நின்றுவிடும். 1890களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஆர்தர் வில்ஃப்லி என்பவர் ஓர் ஆடும் மேசையைச் செய்தார். சாய்வான பலகை, அதன்மேல் நீளவாக்கில் மெல்லிய மரச்சட்டங்கள், மேலே ஓடும் தண்ணீர். இலேசான மண் தண்ணீரோடு சட்டங்களைத் தாண்டி ஓடிவிடும், கனமான தாது சட்டங்களுக்குள் தங்கி மறுபக்கம் நகரும். உலகம் முழுக்க வில்ஃப்லி மேசை என்ற பெயரில் இன்றும் ஓடுகிறது. அரிக்கன் சட்டியில் வளைந்திருக்கும் கோடுதான் அந்த மேசையில் நேராகக் கிடக்கிறது.

நம் மொழியில் இதற்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன பாருங்கள். புடைப்பது, கொழிப்பது, தெள்ளுவது, நாவுவது, சலிப்பது, அரிப்பது. முறத்தை மேலும் கீழும் தட்டுவது புடைத்தல். அதில் பதர் முன்னால் பறக்கும். பக்கவாட்டில் அசைப்பது கொழித்தல். அதில் குறுநொய்யும் கல்லும் தனியாக ஒதுங்கும். வெறும் பேச்சுக்காக உண்டான சொற்கள் இல்லை இவை. ஒவ்வொன்றும் தனித்தனிக் கை அசைவு, ஒவ்வொன்றும் பொருளின் ஒரு குணத்தைப் பிடித்துக்கொள்கிறது: எடை, அளவு, வடிவம். தட்டார் பட்டறைக் குப்பையை வாங்கிப்போய் அலசித் தங்கத்துகள் எடுப்பவர்களுக்கு அரிப்புக்காரர் என்றே பெயர். ஒரு வகுப்பில் பிள்ளைகளை அவரவர் பாட்டியிடம் இந்தச் சொற்களைக் கேட்டு வரச் சொல்லுங்கள். புவியீர்ப்பு முறை தானாகப் புரிந்துவிடும்.

சரி, காந்தத்துக்கு வருகிறேன். புத்தகத்தில் வெள்ளீயத் தாதுவிலிருந்து வுல்ஃப்ரமைட் என்கிற டங்ஸ்டன் தாதுவைப் பிரிப்பது எடுத்துக்காட்டாக வரும். இரண்டையும் நம் ஊரில் யார் பார்த்தது? நம்மிடம் தேவனாம்பட்டினம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கடல் அடங்கிய பிறகு, தை மாதத்தில் ஒரு காலை அங்கே நடந்து பாருங்கள். அலை ஏறி இறங்கும் இடத்தில் கறுப்பாக மை தீற்றினாற்போல் மணல் படிந்திருக்கும். எண்ணெய்க் கசிவு என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது கருமணல். அலை மேலே வரும்போது எல்லா மணலையும் கொண்டுவருகிறது. திரும்பும்போது இலேசான வெள்ளை மணலை மட்டும் இழுத்துக்கொண்டு போகிறது. வெள்ளை மணல் குவார்ட்ஸ், அடர்த்தி 2.65. கறுப்பில் இருக்கும் இல்மனைட் 4.7, மேக்னடைட் 5.2. கடல் ஓயாமல் அரிக்கன் சட்டியை ஆட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு கைப்பிடி கருமணலை நிழலில் காயவைத்து, வெள்ளைத் தாளில் பரப்புங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி மேலே கொண்டுபோனால் மேக்னடைட் துள்ளி ஏறி முள்ளு முள்ளாக நிற்கும். பையிலிருந்து காந்தத்தை உருவினால் அத்தனையும் கொட்டிவிடும். மிச்சமிருக்கும் கறுப்பின்மேல் கெட்டுப்போன கணினியின் ஹார்டு டிஸ்கிலிருந்து எடுத்த காந்தத்தைக் கொண்டுபோங்கள், அது வலுவானது. இப்போது இல்மனைட் வரும். இளஞ்சிவப்பாக இருக்கும் கார்னெட் தயங்கித் தயங்கி வரும். நிறமில்லாமல் பளபளக்கும் சிர்கான் எந்தக் காந்தத்துக்கும் அசையாது. ஒரே காந்தப் பிரிப்பில் நான்கு பொருள். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் அருமணல் ஆலை இதைத்தான் பெரிய அளவில் செய்கிறது. காந்தத்துக்கு மசியாதவற்றை அங்கே மின்சாரத்தால் பிரிக்கிறார்கள். ரூட்டைல் என்கிற டைட்டானியம் கனிமம் மின்சாரத்தைக் கடத்தும், சிர்கான் கடத்தாது, அந்த வேறுபாடு போதும். ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்: கைப்பிடிக்கு மேல் அள்ளக்கூடாது, சோதனை முடிந்ததும் மணலைக் கடற்கரையிலேயே போட்டுவிட வேண்டும். கரையைக் காப்பதும் அந்த மணல்தான்.

இப்போது நுரை மிதப்பு. இதில் நான் தோற்றதைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்குச் செய்து காட்டுகிறேன் என்று சொல்லி, வடலூர்ச் சாலையில் லாரியிலிருந்து உதிர்ந்த நெய்வேலிக் கரித் துண்டு ஒன்றைத் தூளாக்கினேன். கொஞ்சம் மணல், ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு சொட்டு டீசல், ஐந்தாறு சொட்டு ஃபினாயில். குலுக்கினேன். நுரை வந்தது. கரி நுரையோடு ஏறவே இல்லை, கலங்கலாகத் தண்ணீரிலேயே நின்றது. மூன்று முறை செய்தும் அதே கதை. பிறகுதான் உறைத்தது. நுரை மிதப்பில் எடைக்கு வேலையில்லை. பொருளின் மேற்பரப்பு தண்ணீரை விரும்புகிறதா, எண்ணெயை விரும்புகிறதா என்பதுதான் கேள்வி. எண்ணெயை விரும்பும் துகள் காற்றுக்குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே வரும், தண்ணீரை விரும்புவது நனைந்து கீழே போகும். நன்றாக முதிர்ந்த கறுப்பு நிலக்கரி எண்ணெய்ப் பக்கம். நெய்வேலிக் கரி இளசு. அதில் ஆக்சிஜன் அதிகம், அது தண்ணீரைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறது. எங்கள் வாஷரியில் தூள்கரியை நுரையில் எடுத்த அதே முறை இங்கே எடுபடாததன் காரணம் இதுதான்.

மறுநாள் பென்சில் ஈயத்தை, அதாவது கிராஃபைட்டை, உரசித் தூளாக்கிப் போட்டோம். குலுக்கி வைத்த சில நொடியில் நுரை முழுக்க வெள்ளிச் சாம்பல் நிறத்தில் மின்னியது, மணல் அடியில் சுத்தமாகக் கிடந்தது. அவள் கை தட்டிவிட்டாள். 1877இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் பெசல் சகோதரர்கள் எண்ணெயும் குமிழியும் கொண்டு முதலில் பிரித்ததும் கிராஃபைட்டைத்தான். சிவகங்கையில் நம் அரசு நிறுவனமான டாமின் கிராஃபைட்டைச் சுத்தம் செய்வதும் இதே வழியில்தான். தோற்ற பாட்டிலையும் ஜெயித்த பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். எனக்குத் தோற்ற பாட்டில்தான் அதிகம் கற்றுக்கொடுத்தது.

நெய்வேலியைத் தொட்டாயிற்று, கொஞ்சம் நின்று பேசாமல் போக முடியாது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்ததும், 1957 மே 20ஆம் நாள் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்ததும், 1961இல் கரி தென்பட்டதும் நம் மாவட்டத்தில் பலரும் கேட்டு வளர்ந்த கதை. ஆனால் அந்தக் கரியை ஏன் ஜார்க்கண்டில் மாதிரி கழுவுவதில்லை என்று ஒரு பிள்ளையைக் கேளுங்கள். பதில் வராது. ஜார்க்கண்ட், ஒடிசா நிலக்கரியில் அழுக்கு என்பது கல்லும் களியும். பழைய ஆறுகள் மரமட்டைகளை அடித்துவந்து மணலோடு மணலாகப் படியவைத்ததால் கரிக்குள்ளேயே மண் நுண்ணிதாகக் கலந்து கிடக்கிறது. நூறு டன்னில் 35, 40 டன் சாம்பல் என்பது அங்கே சாதாரணம். அந்தச் சாம்பலையும் சேர்த்துத்தான் ரயிலிலும் கப்பலிலும் ஏற்றி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் கொண்டுவருகிறோம். தூரத்து மின்நிலையங்களுக்குப் போகும் கரியில் சாம்பல் 34 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. 2020 மே மாதம் அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

நெய்வேலிக் கரியில் சாம்பல் குறைவு. அதன் அழுக்கு தண்ணீர்! எடையில் ஏறத்தாழ பாதி. புதிதாக வெட்டிய ஒரு கட்டியை நிறுத்து வகுப்பு ஜன்னலில் வையுங்கள். தினமும் நிறுக்கச் சொல்லுங்கள். எடை குறைந்துகொண்டே வரும், கட்டி ஏரிக்கரைச் சேறு மாதிரி வெடிக்கும். இதிலிருந்து ஓர் அருமையான கணக்குப் போடலாம். ஒரு கிலோ கரியில் வெப்பம் சுமார் 2,600 கிலோ கலோரி. அதற்குள் இருக்கும் அரைக் கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க 300 கிலோ கலோரி போய்விடும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரைத் துரத்தவே செலவு. பாதி தண்ணீராக இருப்பதைத் தண்ணீரில் கழுவி என்ன செய்ய? அதை உலர்த்தத்தான் வேண்டும். 1960களில் தொடங்கி நெய்வேலியில் அதற்கென்றே ஓர் ஆலை ஓடியது. கரியை நொறுக்கி, நீராவியால் உலர்த்தி, வில்லைகளாக அழுத்தி, காற்றில்லாமல் சூடாக்கி லெகோ என்று விற்றார்கள். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். எங்கள் வீட்டுக் கும்மட்டி அடுப்பில் லெகோதான் எரிந்தது. பற்றவைக்கும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பிடித்துவிட்டால் புகையில்லாமல் செக்கச்செவேலென்று மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அந்த ஆலை இப்போது இல்லை. சவுக்குக்கட்டையை அடுக்கி மண் பூசிக் கரிமூட்டம் போடுபவர் செய்வதும் காற்றில்லாமல் சூடாக்குவதைத்தான். அவரை உங்கள் வகுப்புக்கு ஒரு நாள் கூப்பிடலாம்.

மற்றவற்றுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவதும் சேலத்து மேக்னசைட்டைச் சுடுவதும் ஒரே வினை: கார்பனேட் போய் ஆக்சைடு மிஞ்சும். கறுத்துப்போன பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும்போது புளியின் அமிலம் மேலே படிந்த ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு போகிறதே, வேதிக் கழுவுதலின் தத்துவம் அங்கே இருக்கிறது. வில்லியனூர்க் குயவர்களும் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்காரர்களும் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, மணல் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் மெல்லிய சேற்றை மட்டும் எடுத்துக்கொள்வதைப் பிள்ளைகள் நேரிலேயே போய்ப் பார்க்கலாம்.

புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும் ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் நீட்டிச் சொல்ல வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பிரித்து எடுத்த மாசு எங்கே போகிறது? நான் வேலை பார்த்த ஆலையிலிருந்து கறுப்புத் தண்ணீர் பக்கத்து ஓடையில் போய்ச் சேர்ந்தது. கீழே ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அடியில் படிந்த கரிச்சேற்றைக் கூடையில் அள்ளி, கரையில் வரட்டி மாதிரி தட்டிக் காயவைப்பார்கள். அதுதான் அவர்களுக்கு அடுப்பெரிக்க. குடிதண்ணீரும் அதே ஓடைதான். ஒருத்தியின் கைக்குழந்தை கரையில் அந்தக் கறுப்புச் சேற்றில் விளையாடிக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை. தண்ணீரைத் தொட்டியில் தேக்கித் தெளியவைத்துத் திரும்பப் பயன்படுத்த வழி இருந்தது. ஆலையில் தொட்டியும் இருந்தது, தூர் வாரத்தான் ஆள் விடவில்லை. நான் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது முறை எழுதப் பயந்துவிட்டேன். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

கோலார் தங்க வயலுக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் நம் பக்கத்திலும் உண்டு. 1887இல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடித்த சயனைடு முறையால்தான் அங்கே பாறை மாவிலிருந்து தங்கத்தைக் கரைத்து எடுத்தார்கள். ஒரு டன் பாறைக்குச் சில கிராம் தங்கம். மிச்ச மாவு முழுக்க மேடு மேடாகக் குவிந்தது. சுரங்கத்தை 2001இல் மூடியாயிற்று. அந்த மேடுகள் ஊருக்கு நடுவே இன்னும் நிற்கின்றன, காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வருகிறது. இந்தப் பாடத்தைப் படிக்கிற நாற்பது பிள்ளைகளில் யாராவது ஒருவர் நாளைக்கு ஓர் ஆலையில் கையெழுத்துப் போடும் இடத்தில் உட்காரலாம். அவருக்குத் தங்கத்தோடு சேர்த்து மேடும் தெரிந்திருக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஜூன், ஜூலையில் இந்தப் பாடம் நடக்கும்போது இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். ஒன்றில் முட்டையும் உப்பும், பென்சில் தூளும் ஃபினாயிலும், ஒரு காந்தமும். எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கரித் துண்டையும் உப்புத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். இரவு முழுக்க ஊறிய நெய்வேலிக் கரி நல்ல தண்ணீரில் மூழ்கும், உப்பை முட்டக் கரைத்தால் எழும்பி வரும், களி ஒட்டிய துண்டு அடியிலேயே கிடக்கும். துத்தநாகக் குளோரைடைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், தோலைப் புண்ணாக்கிவிடும். இரண்டாவது பாடவேளையில் பிள்ளைகள் பேசட்டும்: அவரவர் வீட்டில், தெருவில் பார்த்த பிரிக்கும் முறை ஒன்று. விடைத்தாள் திருத்தும்போது ஒரு பிள்ளை புத்தக எடுத்துக்காட்டுக்குப் பக்கத்தில் அரிக்கன் சட்டியையும் எழுதியிருந்தால் அதை அடித்துவிடாதீர்கள். பள்ளித் தேர்வுகளிலாவது அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

கடலூரில் இருக்கும் பள்ளிகள் கூப்பிட்டால் நானே வருகிறேன். அம்மாவின் அரிக்கன் சட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது, விளிம்பில் சின்ன விரிசல், தண்ணீர் நிற்கும். தன்பாத்திலிருந்து கொண்டுவந்த அந்த இரண்டு கறுப்புக் கட்டிகளையும் எடுத்து வருவேன். பிள்ளைகள் கையில் வைத்துப் பார்த்துச் சொல்லட்டும். கடற்கரைக்குப் போவதாக இருந்தால் தை பிறந்ததும் ஒரு சனிக்கிழமை காலையாகப் பாருங்கள், கூட்டம் இருக்காது. ஆளுக்கொரு வெள்ளைத் தாள் போதும். காந்தத்தை மட்டும் பாலித்தீன் பையில் சுற்றாமல் மணலில் வைத்துவிடாதீர்கள், ஒட்டிய மணலை எடுப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நிலக்கரி ஆய்வகப் பணியாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்